தொடுதிரையும் பிஎல்சியும்: சீரியல் வட இணைப்பில் பெயரீட்டுச் சிக்கல்கள்

ஆய்வுச்சுருக்கம்

தொழிற்கூட இயந்திரங்களில் இயக்குபவர் தொட்டுப் பணிக்கும் திரைக்கும் இயந்திரத்தை ஆளும் பிஎல்சிக்கும் இடையே இன்றும் பெருவழக்கில் உள்ளது சீரியல் வடமாகும். இவ்விணைப்பு இயங்காதபோதும் பிழைபட இயங்கும்போதும் கருவி பழுதென்று கருதுவது இயல்பு. ஆயின் இத்தகைய பிழைகளிற் பல, ஒரே பெயரை இரு கருவிகள் இரு பொருளில் வழங்குவதால் எழுகின்றன. கம்பியின் பெயர், முனையின் பெயர், பதிவகத்தின் எண், எண்ணின் வடிவம் ஆகிய நான்கு நிலைகளிலும் இம்முரண் உண்டு. உயர்வெப்பச் சாயமேற்றும் இயந்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மோட்பஸ் ஆர்டியு நெறிமுறையின் வழி இம்முரண்கள் தோன்றும் விதத்தையும், அவற்றுள் எது உயிருக்கு ஊறு செய்யவல்லது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொடுதிரை, பிஎல்சி, சீரியல் வடம், ஆர்எஸ்-232, ஆர்எஸ்-485, மோட்பஸ், பதிவகம், பெயரீடு

முன்னுரை

பாலியெஸ்டர் துணிக்குச் சாயமேற்றும் மூடிய இயந்திரத்தில் சாயநீர் ஏறத்தாழ 130 பாகை செல்சியஸ் வரை சூடேற்றப்படுகிறது. திறந்த கலத்தில் நீர் 100 பாகையில் கொதித்துவிடும். ஆகவே இக்கலம் அழுத்தத்துக்கு உட்பட்டே இயங்குகிறது. சாயம் ஏறி முடிந்தபின் வெப்பம் போதுமான அளவு தணிந்து, அழுத்தம் முற்றும் நீங்கிய பிறகே மூடியைத் திறக்கலாம். அதற்கு முன் திறந்தால் உள்ளிருக்கும் நீர் அந்நொடியே கொதித்து வெளியே பாயும். மூடியருகே நிற்கும் தொழிலாளிக்குக் கலத்தின் உள்நிலை கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர் அறிவதெல்லாம் தொடுதிரையில் தோன்றும் ஓர் எண்ணே.

அந்த எண் திரையில் பிறப்பதன்று. வெப்ப உணரி அளந்ததைப் பிஎல்சி தன் நினைவகத்தின் ஓரிடத்தில் எழுதி வைக்கிறது. திரை அவ்விடத்தின் எண்ணைச் சொல்லிக் கேட்கிறது. பிஎல்சி விடை தருகிறது. இவ்வினா விடை இரண்டு அல்லது மூன்று கம்பிகள் வழியே நொடிக்குப் பலமுறை நிகழ்கிறது. கேட்ட இடம் ஒன்று தள்ளிப்போனாலும், வந்த விடை வேறு முறையில் படிக்கப்பட்டாலும், விடை வருவதே நின்றுபோனாலும் திரையில் ஏதோ ஓர் எண் இருந்துகொண்டேயிருக்கும். இக்கட்டுரை கருத்தூன்றுவது அங்கேதான்.

பிஎல்சி என்னும் கருவி 1968இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பிரிவு ரிலே பலகைகளுக்கு மாற்றுத் தேடியதன் விளைவாக உருவானது. ரிச்சர்ட் மார்லி பணியாற்றிய பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் குழுவினர் ஆக்கிய கருவிக்கு மோடிகான் 084 என்று பெயர். அது அக்குழுவின் 84ஆம் பணித்திட்டம் என்பதே அவ்வெண்ணின் பொருள். அதே மோடிகான் 1979இல் தன் கருவிகள் உரையாடுவதற்கென வெளியிட்ட நெறிமுறை மோட்பஸ். நெறிமுறையை எவரும் எடுத்தாளலாம் என்றிருந்தமையால் பிற நிறுவனங்களும் அதனைக் கைக்கொண்டன. இன்று ஒரு நிறுவனத்தின் திரையையும் மற்றொரு நிறுவனத்தின் பிஎல்சியையும் இணைக்க முற்படுவோர் முதலில் நாடுவது பெரும்பாலும் இதனையே.

சொல்லாட்சி குறித்து

பணிமனைத் தமிழில் பிஎல்சி, கேபிள், போர்ட், பேரிட்டி என்பன நிலைபெற்ற சொற்கள். இக்கட்டுரை அவற்றுள் இன்றியமையாதவற்றை அவ்வாறே ஆள்கிறது. பதிவகம் என்பது பிஎல்சியின் நினைவகத்தில் 16 பிட் அளவுள்ள ஓர் இடத்தைக் குறிக்கிறது. வினா தொடுக்கும் கருவியை 'மாஸ்டர்' என்றும் விடையளிக்கும் கருவியை 'ஸ்லேவ்' என்றும் வழங்கிவந்த வழக்கை மோட்பஸ் அமைப்பு 2020இல் கைவிட்டது. இங்கு அவை வினவி, விடையளி என்று சுட்டப்படுகின்றன. வினவியாக இருப்பது திரை. ஆளும் கருவியாகிய பிஎல்சி இவ்வுரையாடலில் கேட்டால் மட்டுமே பேசும். புதிதாக இத்துறைக்கு வருவோர் இதனைத் தலைகீழாக எண்ணிக்கொள்வதுண்டு.

ஒரே வடிவம், வேறு மின்னியல்

வடத்தின் முனையில் உள்ள இணைப்பானின் உருவம் அதன் மின்னியலைச் சொல்வதில்லை. டெல்டா டிவிபி வகைப் பிஎல்சிகளின் முதல் போர்ட் எட்டு முனைகளுள்ள சிறு வட்ட இணைப்பான்; அதில் ஓடுவது ஆர்எஸ்-232. மிட்சுபிஷி எஃப்எக்ஸ் வகையின் நிரலேற்றும் போர்ட்டும் எட்டு முனைகளுள்ள அதே போன்ற வட்ட இணைப்பான். அதில் ஓடுவதோ ஆர்எஸ்-422. கணினிகளில் ஆர்எஸ்-232 என்று பழகிப்போன ஒன்பது முனை இணைப்பான் சீமென்ஸ் எஸ்7-200இல் ஆர்எஸ்-485 ஆகிறது. பொருந்திவிட்டது என்பதனால் இணைந்துவிட்டது என்று கொள்ளலாகாது.

ஆர்எஸ்-232இல் ஒவ்வொரு குறிகையும் பொதுக் கம்பியை ஒப்புநோக்கி அளக்கப்படுகிறது. பெறும் முனையில் கழித்தல் 3 வோல்ட்டுக்குக் கீழ் இருப்பின் அது 1. கூட்டல் 3 வோல்ட்டுக்கு மேல் இருப்பின் அது 0. இடைப்பட்டது எதுவும் அன்று. பேச்சு இல்லாத ஓய்வு நிலையில் கம்பி எதிர்மின்னழுத்தத்தில் நிற்கும். சுமார் 15 மீட்டர் வரையே இதற்குப் பரிந்துரை. ஒரு வடத்தில் இரு கருவிகள் மட்டுமே இணையலாம்.

1983இல் வெளியான ஆர்எஸ்-485 தரம் வேறு வழியை மேற்கொண்டது. இரு கம்பிகளுக்கு இடையேயுள்ள வேறுபாடே குறிகையாகிறது. அவ்வேறுபாடு 0.2 வோல்ட் இருந்தாலே பெறும் கருவி உணர வேண்டும் என்பது விதி. இரு கம்பிகளும் முறுக்கப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறுகிறது, வேறுபாடு மாறுவதில்லை. மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்கள் நிறைந்த பேனலில் இப்பண்பு பெரிதும் உதவுகிறது. குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை நீளலாம்; அலகுச் சுமை அளவில் 32 கருவிகளைத் தாங்கலாம்.

'இரு கம்பி' என்ற பெயரே இங்கு ஒரு பொறியாகிவிடுகிறது. பெறும் கருவியின் பொதுப்புள்ளியை ஒப்புநோக்கக் கம்பிகளில் உள்ள மின்னழுத்தம் கழித்தல் 7 முதல் கூட்டல் 12 வோல்ட் எல்லைக்குள் நின்றாலன்றிப் பெறும் கருவி செம்மையாகச் செயற்படாது. அவ்வெல்லையைக் காக்க மூன்றாவது கம்பி ஒன்று பொதுப்புள்ளிகளை இணைக்க வேண்டும். திரைக்கும் பிஎல்சிக்கும் ஒரே 24 வோல்ட் வழங்கியிலிருந்து மின்சாரம் வரும் சிறு பேனலில் மூன்றாம் கம்பி இல்லாமலும் இயங்கிவிடும். அதே வடத்தை வேறு கட்டடத்தில் உள்ள திரைக்கு நீட்டும்போது, பெரிய மோட்டார் தொடங்கும் கணத்தில் மட்டும் தொடர்பு அறும். அப்போது பழி வடத்தின் நீளத்தின் மேலோ திரையின் மேலோ விழுகிறது.

வடத்தின் இரு கோடிகளிலும் 120 ஓம் மின்தடை இட வேண்டும் என்பது ஏறக்குறைய மந்திரம்போல் ஓதப்படுகிறது. நீண்ட வடத்துக்கும் மிகுவேகத்துக்கும் அது தேவை. ஒரே பேனலுக்குள் இரண்டு மீட்டர் வடத்தில் 9600 வேகத்தில் அதன் பயன் மிகக் குறைவு. கோடியிலன்றி இடையில் உள்ள கருவிகளிலும் மின்தடைகளை இட்டுவிட்டால் குறிகை நலிவதே மிச்சம்.

'அனுப்பு' என்பது யாருடைய அனுப்பு?

ஆர்எஸ்-232 தரம் 1960களில் உருவானபோது, ஒரு புறம் தட்டச்சு முனையமும் மறுபுறம் மோடமும் இருக்கும் என்பதே கருதுகோள். எனவே 'அனுப்பு' என்னும் முனைப்பெயர் முனையத்தின் நோக்கில் இடப்பட்டது. முனையம் அனுப்பும் முனையில்தான் மோடம் பெறும். இருபுறமும் அம்முனைக்கு 'அனுப்பு' என்றே பெயர். அந்நிலையில் ஒரே எண்ணுள்ள முனைகளை நேராக இணைத்தால் போதும். திரையும் பிஎல்சியும் எதிரெதிரே அமர்ந்தபோது மோடம் என்ற ஒன்றே இல்லை. இரண்டும் தம்மை முனையம் என்றே கருதுமாயின் இரண்டும் ஒரே கம்பியில் பேசி, ஒரே கம்பியில் கேட்கக் காத்திருக்கும். அதனால்தான் இரண்டாம், மூன்றாம் முனைகளைக் குறுக்காக மாற்றிய வடம் தேவைப்படுகிறது. எல்லாக் கருவிகளும் தம்மை முனையம் என்றே கருதுவதில்லை. அவ்வகைக் கருவிக்கு நேர் வடமே பொருந்தும்.

இதன்மேல் இன்னொரு குழப்பமும் உண்டு. முனையத்தின் பக்கத்து ஒன்பது முனை இணைப்பானில் 2 பெறுவதற்கும் 3 அனுப்புவதற்கும் உரியவை. பொதுக் கம்பி 5. பழைய இருபத்தைந்து முனை இணைப்பானிலோ 2 அனுப்புவதற்கும் 3 பெறுவதற்கும் உரியவை. பொதுக் கம்பி 7. எண்களை மனப்பாடமாகக் கொண்டு வடம் கட்டுவோர் இங்கே தவறுகின்றனர். ஓய்வு நிலையில் மல்டிமீட்டரைப் பொதுக் கம்பிக்கும் ஒவ்வொரு முனைக்கும் இடையே வைத்துப் பார்த்தால், தெளிவான எதிர்மின்னழுத்தம் காட்டும் முனையே அக்கருவி அனுப்பும் முனை. பெயரை நம்புவதினும் அளவையை நம்புவது எளிது.

ஏ, பி என்னும் இரு எழுத்துகள்

ஆர்எஸ்-485 தரத்தின்படி 1 என்னும் நிலையில் ஏ முனை பி முனையை நோக்க எதிர்மின்னாக இருக்கும். அதாவது ஓய்வில் பி உயர்ந்து நிற்கும். மோட்பஸ் வரையறையும் பி முனையை டி1 என்று பெயரிட்டு, 1 என்னும் நிலையில் அதுவே உயர்ந்தது என்கிறது. சீமென்ஸ் ஒன்பது முனை இணைப்பானில் 3ஆம் முனை பி, 8ஆம் முனை ஏ. பி நேர்க்கம்பியாகவே வழங்குகிறது. இதுவரை முரணில்லை. ஆயின் இக்குறிகையை உண்டாக்கும் சில்லுகளைச் செய்த நிறுவனங்கள் பல, தம் ஏட்டில் ஏ முனையையே நேர் முனையாக எழுதின. அச்சில்லை வைத்துக் கருவி செய்தவர்கள் பலரும் சில்லின் எழுத்தையே கருவியின் முகப்பில் பொறித்தனர். விளைவாக ஒரு கருவியின் ஏ மற்றொரு கருவியின் பி ஆயிற்று. ஏயோடு ஏயையும் பியோடு பியையும் ஒழுங்காக இணைத்தவருக்கு மௌனமே விடையாகக் கிடைக்கிறது.

நல்லவேளையாக இப்பிழை எதையும் எரிப்பதில்லை. கம்பிகளை இடம் மாற்றிப் பார்ப்பதே தீர்வு. சில நிறுவனங்கள் எழுத்துகளைக் கைவிட்டுக் கூட்டல், கழித்தல் குறிகளைப் பொறித்திருப்பது இம்முரணை உணர்ந்ததன் அடையாளம் எனலாம். தரத்தில் எழுதியது ஒன்று, வழக்கில் நின்றது மற்றொன்று என்னும் இந்நிலை மொழியியல் பயில்வோருக்குப் புதிதன்று. ஆனால் இங்கே பொருளைச் சூழல் விளக்கிவிடுவதில்லை.

பேச்சின் ஒழுங்கு

கம்பி சரியான பின்னும் வேகம், பிட் எண்ணிக்கை, பேரிட்டி, நிறுத்தப் பிட், கருவி எண் ஆகிய ஐந்தும் இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். டெல்டா டிவிபி போர்ட் ஆலையிலிருந்து வரும்போது 9600 வேகம், 7 பிட், இரட்டைப் பேரிட்டி, 1 நிறுத்தப் பிட் என்று அமைந்திருக்கும். பேசுவதும் மோட்பஸ் ஆஸ்கி முறையில். மோட்பஸ் ஆர்டியு ஒவ்வொரு பைட்டையும் 8 பிட்டுகளாகவே அனுப்புகிறது. ஆகவே வேகமும் பேரிட்டியும் பொருந்தி நின்றும், ஆர்டியு பேசும் திரைக்கு அப்பிஎல்சி விடை சொல்லாது. அதன் இரண்டாம் போர்ட்டைப் பயன்படுத்துவோர், நிரலின் தொடக்கத்தில் டி1120 பதிவகத்தில் 135 என்னும் மதிப்பை எழுதி, எம்1120, எம்1143 ஆகிய குறிகளை இயக்கிவிட்டால் 9600, 8 பிட், இரட்டைப் பேரிட்டி, ஆர்டியு முறை என்று அது மாறும். 'மோட்பஸ் உண்டு' என்னும் ஒற்றைச் சொல் ஆஸ்கியையும் ஆர்டியுவையும் சேர்த்தே குறிப்பதால் நேரும் குழப்பம் இது.

ஆர்டியு முறையில் ஒரு வினா எவ்வாறு அமைகிறது என்பதைக் காண்போம். 1ஆம் எண் கருவியிடம் 0ஆம் முகவரியில் உள்ள ஒரு பதிவகத்தைக் கேட்கும் வினா, பதின்ம எண்களில் 1, 3, 0, 0, 0, 1, 132, 10 என்னும் எட்டு பைட்டுகள். முதல் 1 கருவி எண். 3 என்பது 'பதிவகத்தைப் படி' என்னும் கட்டளை. அடுத்த இரண்டு தொடங்கும் முகவரி. அதற்கடுத்த இரண்டு எத்தனை பதிவகங்கள் என்பது. இறுதி இரண்டும் சிஆர்சி என்னும் சரிபார்ப்பு. விடை ஏழு பைட்டுகளில் வரும். வழியில் ஒரு பிட் சிதைந்தாலும் சிஆர்சி ஒவ்வாது, செய்தி ஒதுக்கப்படும்.

சிஆர்சியின் எல்லையை இவ்விடத்தில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். சொன்னது சிதையாமல் வந்ததா என்பதற்கே அது சான்று. கேட்டதே தவறான இடத்தை என்றால், தவறான விடைக்கும் அது பழுதற்ற சான்று வழங்கும். இதனடிப்படையில் பிழைகளை மூவகையாகப் பிரித்தறியலாம். கம்பியோ வேகமோ பேரிட்டியோ பொருந்தாவிடின் கிடைப்பது மௌனம். இவை பொருந்தி, கேட்ட முகவரி மட்டும் பிஎல்சியிடம் இல்லையெனில் கிடைப்பது மறுப்பு; கட்டளை எண் 3 என்பது 131 ஆகி, காரண எண் 2 உடன் திரும்பிவரும். மறுப்பைக் கண்டு வடத்தைக் கழற்றுவோர் வீணாக உழைக்கின்றனர். மறுப்பு வந்ததே வடம் நன்றாயிருப்பதற்குச் சான்று. மூன்றாவது வகை, முகவரி இருந்து, ஆனால் அது வேறொன்றின் முகவரியாக அமைந்துவிடுவது. அப்போது மௌனமும் இல்லை, மறுப்பும் இல்லை. எண் ஒன்று வருகிறது.

ஒன்று தள்ளிய பதிவகம்

மோட்பஸ் ஆவணங்களில் முதற்பதிவகத்தின் பெயர் 40001. முன்னிற்கும் 4 வகையைக் குறிப்பது. அது வடத்தில் செல்வதில்லை. எஞ்சிய 1 என்பதும் அவ்வாறே செல்வதில்லை, செல்வது 0. மனிதர் ஒன்றிலிருந்து எண்ணுகின்றனர், நெறிமுறை சுழியிலிருந்து எண்ணுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஒன்றைக் கழிப்பது யார் பொறுப்பு என்பதில் திரை செய்வோரிடையே ஒருமை இல்லை. சில திரை மென்பொருள்கள் 40001 என்று எழுதக் கேட்டுத் தாமே கழித்துக்கொள்கின்றன; சில 1 என்று எழுதக் கேட்கின்றன; சில 0 என்றே கேட்கின்றன.

சாய இயந்திரத்தின் டிவிபி பிஎல்சியில் டி100 பதிவகத்தில் உண்மை வெப்பமும் அடுத்துள்ள டி101இல் இலக்கு வெப்பமும் இருப்பதாகக் கொள்வோம். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைப்பது நிரல் எழுதுவோரின் இயல்பான பழக்கம். டிவிபியில் டி0 பதிவகத்தின் மோட்பஸ் முகவரி 4096. ஆகவே டி100க்கு 4196. ஒன்றிலிருந்து எண்ணும் வழக்கில் 44197. பிஎல்சியும் திரையும் ஒரே நிறுவனத்தவையாயின் திரையில் டி100 என்றே எழுதலாம், சிக்கல் இல்லை. வேறு நிறுவனத் திரையில், சுழியிலிருந்து எண்ணும் மென்பொருளில், ஏட்டைப் பார்த்து 4197 என்று எழுதினால் வடத்தில் செல்வது 4197 தான். அது டி101.

இப்போது 'வெப்பம்' என்னும் தலைப்பின் கீழ் இலக்கு வெப்பம் தோன்றுகிறது. சூடேற்றி நிலைநிறுத்தும் கட்டத்தில் உண்மை வெப்பமும் இலக்கும் ஏறத்தாழ ஒன்றே, சோதித்துப் பார்ப்பவருக்கு 130 என்று தெரியும், நிறைவோடு அகல்வார். குளிர்விக்கும் கட்டம் தொடங்கும்போது நிரல் இலக்கை 80 என்று மாற்றுகிறது. கலத்தின் உள்ளே நீர் 110 பாகையில் இருக்கத் திரை 80 என்கிறது. வேறுபாடு வெளிப்படும் ஒரே கட்டம், தொழிலாளி மூடியை நோக்கிச் செல்லும் கட்டமாகவே அமைந்துவிடுகிறது. மூடிக்கு அழுத்தத்தைத் தானே உணர்ந்து பூட்டும் தனி ஏற்பாடு தேவைப்படுவது இதனால்தான். அவ்வேற்பாடு திரையின் எண்ணை நம்பியிருத்தல் கூடாது.

இரண்டு பதிவகங்களில் ஓர் எண்

பதிவகம் ஒன்றில் 0 முதல் 65535 வரையே அடங்கும். கழித்தல் எண்களையும் பதின்மப் புள்ளி எண்களையும் எழுத உடன்பாடுகள் தேவை. கழித்தல் 5.0 பாகையைப் பத்தால் பெருக்கிப் பிஎல்சி எழுதினால் பதிவகத்தில் இருப்பது 65486. குறியுள்ள எண் என்று திரையிடம் சொல்லாவிட்டால் 6548.6 என்று தோன்றும்.

பெரிய எண்களும் புள்ளி எண்களும் 32 பிட் கொண்டவை. இரண்டு பதிவகங்களில் அமர்கின்றன. எப்பகுதி முதலில் என்பதை மோட்பஸ் வரையறுக்கவில்லை. இருபுறமும் மாறுபட்டால் 1 என்பது 65536 ஆகும். புள்ளி எண் வடிவில் 25.0 என்பது மேற்பகுதியில் 16840, கீழ்ப்பகுதியில் 0. இடம் மாறிப் படித்தால் கிடைக்கும் மதிப்பு மிக மிகச் சிறியது. திரை அதை 0.00 என்று காட்டும். 6548.6 என்பதைக் கண்ட எவரும் ஐயுறுவர். 0.00 என்பதைக் கண்டவர் உணரி இணைக்கப்படவில்லை என்று எண்ணிக்கொள்ளக் கூடும். நம்பத் தகாத பிழையால் தீங்கு குறைவு. நம்பத் தகுந்த பிழையே ஏமாற்றும்.

நேரத்தின் கணக்கு

9600 வேகத்தில், தொடக்கம், பேரிட்டி, நிறுத்தம் உட்பட ஒரு பைட்டுக்கு 11 பிட் எனில், ஒரு பைட் செல்ல ஏறத்தாழ 1.15 மில்லிநொடி ஆகும். எட்டு பைட் வினாவுக்கு 9.2, ஏழு பைட் விடைக்கு 8, செய்திகளுக்கிடையே கட்டாயமான மூன்றரை எழுத்து அளவு மௌனம் இருமுறை என 8, பிஎல்சி விடையளிக்க எடுக்கும் நேரம் 10 என்று கொண்டால் மொத்தம் 35 மில்லிநொடி. திரையில் நாற்பது எண்கள் நாற்பது தனியிடங்களிலிருந்து வருமாயின் ஒரு சுற்றுக்கு 1.4 நொடி. அதே நாற்பதும் அடுத்தடுத்த பதிவகங்களில் இருந்தால் ஒரே வினாவில் கேட்கலாம். விடை 85 பைட், மொத்தம் ஏறத்தாழ 125 மில்லிநொடி. திரை மந்தமாக உள்ளது என்று வேகத்தை உயர்த்துவோர் முதலில் பதிவகங்களை ஒருங்கே அடுக்கிப் பார்ப்பது நலம். திரைக்குரிய எண்களை மட்டும் தொகுத்து ஓரிடத்தில் படியெடுத்து வைக்கும் பழக்கம் தேர்ந்த நிரலாளரிடம் காணப்படுவது இக்காரணம் பற்றியே.

நின்றுபோன எண்ணும் நின்றுபோகாத பொத்தானும்

வடம் அறுந்தால் திரை உடனே அறிவதில்லை. விடைக்கு ஒரு நொடி காத்து, பின் மும்முறை மீண்டும் கேட்குமாறு அமைத்திருந்தால் நான்கு நொடிகள் கழியும். அதன்பின் சில திரைகள் எண்ணை அழிக்கும். சில பிழைச்செய்தி காட்டும். சிலவற்றில் கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கும். அடிக்கடி தோன்றி வேலையைக் கெடுக்கிறது என்று பிழைச்செய்தியை அணைத்துவைக்கும் வழக்கமும் உண்டு. அணைத்தபின் இறந்த எண்ணுக்கும் உயிருள்ள எண்ணுக்கும் வேறுபாடு கண்ணுக்குப் புலனாவதில்லை. பிஎல்சி நொடிதோறும் கூட்டிக்கொண்டே செல்லும் ஒரு பதிவகத்தை வெப்ப எண்ணுக்கு அருகிலேயே காட்டுவது எளிய மாற்று. அது நகர்ந்தால் வடம் உயிருடன் உள்ளது.

எதிர்த்திசையில் நேரும் தீங்கு இன்னும் கடுமையானது. சாய இயந்திரத்தில் துணியை இழுக்கும் உருளையைச் சிறிது சிறிதாக நகர்த்த 'இன்ச்சிங்' பொத்தான் உண்டு. அழுத்தியிருக்கும்வரை ஓடி, விட்டதும் நிற்க வேண்டும். கம்பியிட்ட பொத்தானில் விரலை எடுத்தால் மின்சுற்றே அறுகிறது. தொடுதிரையின் பொத்தானோ அழுத்தும்போது '1' என்று ஒரு செய்தியும் விடும்போது '0' என்று மற்றொரு செய்தியும் எழுதுகிறது. இரண்டுக்கும் இடையே வடம் கழன்றால் '0' போய்ச் சேராது. விரல் எடுக்கப்பட்டுவிட்டது, உருளை ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டிற்கும் பொத்தான் என்றே பெயர். ஒன்று நிலை, மற்றது செய்தி.

இதற்குப் பிஎல்சி தன்னளவில் காவல் வைத்துக்கொள்ள வேண்டும். திரை நொடிதோறும் மாறும் ஓர் எண்ணைப் பிஎல்சியில் எழுதிக்கொண்டிருக்க, அவ்வெண் குறித்த நேரம் மாறாதிருந்தால் திரையிலிருந்து வந்த இவ்வகைக் கட்டளைகள் அனைத்தையும் நிரல் சுழியாக்கிவிட வேண்டும். உருளை அவ்வளவு நேரமும் ஓடலாகாத இடங்களில் பொத்தானையே கம்பியிட்டதாக அமைப்பதுதான் முறை. அவசர நிறுத்தம் தொடுதிரையில் இடம்பெறுதல் எவ்வாற்றானும் பொருந்தாது.

ஏற்புச் சோதனை

இயந்திரத்தை ஒப்படைக்கும் முன் திரையில் எண்கள் தோன்றுகின்றன என்பதை மட்டும் பார்த்து நிறைவடைவது மேற்கண்ட பிழைகளுள் ஒன்றையும் வெளிக்கொணராது. இயந்திரம் குளிர்ந்து நிற்கும்போது, நிரலின் கட்டளைகளை நிறுத்திவைத்து, டி99இல் 1111, டி100இல் 2222, டி101இல் 3333 என்று ஒன்றையொன்று ஒவ்வாத எண்களைக் கணினி வழியே எழுதினால் திரை எவ்விடத்தைப் படிக்கிறது என்பது ஐயமின்றித் தெரியும். கழித்தல் எண் ஒன்றும், 65535ஐ விஞ்சும் எண் ஒன்றும், புள்ளி எண் ஒன்றும் உரிய இடங்களில் எழுதிப் பார்க்கப்பட வேண்டும். திரையிலிருந்து எழுதும் மதிப்புகளையும் இவ்வாறே பிஎல்சியின் பக்கத்தில் நின்று நோக்க வேண்டும்.

இறுதியாக வடத்தைக் கழற்ற வேண்டும். உருளைக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்ட நிலையில் ஒருவர் இன்ச்சிங் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் பிஎல்சியின் பக்கத்தில் இணைப்பானை உருவிவிடுகிறார். முன்னவர் விரலை எடுக்கிறார். உருளைக்குரிய வெளியீட்டு விளக்கு எத்தனை நொடியில் அணைகிறது, திரையின் வெப்ப எண் எத்தனை நொடியில் தான் இறந்ததை ஒப்புக்கொள்கிறது என்னும் இரண்டு அளவுகளும் குறித்துக்கொள்ளப்பட்டு, ஏ, பி முனைகள் எவ்வாறு இணைக்கப்பட்டன, பதிவகங்கள் சுழியிலிருந்தா ஒன்றிலிருந்தா எண்ணப்பட்டன என்னும் விவரங்களோடு பேனல் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட வேண்டும்.